கேள்வி இல்லாத பதில்கள்: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரேத விசாரணை வாக்குமூலத்தைப் படிப்பது எப்படி?

1780 செப்டம்பர் மாதம். இங்கிலாந்தின் வாரிக்‌ஷயரில், ரக்பிக்குப் பக்கத்தில் நியூபோல்ட் என்ற கிராமம். சர் தியோடோஷியஸ் பௌட்டன் என்ற 20 வயது இளைஞரின் சாவைப் பற்றி விசாரணை நடக்கிறது. பெற்ற தாயே சாட்சி. மகன் மருந்து குடித்துவிட்டுத் துடித்ததையும், மாப்பிள்ளை கேப்டன் ஜான் டோனெல்லன் உள்ளே வந்து அந்த மருந்துக் குப்பியில் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டியதையும் சொல்கிறார். அலசினார் என்ற சொல் வாயிலிருந்து வரும்போது, பக்கத்தில் இருந்த டோனெல்லன் அந்தத் தாயின் உடுப்பைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார்.

இதை நமக்குச் சொன்னவர் அந்த ஜூரியில் உட்கார்ந்திருந்த குரோஃப்ட்ஸ் என்பவர். சொன்னது அங்கே அல்ல, ஆறு மாதம் கழித்து, வாரிக் நகர நீதிமன்றத்தில். அன்றைய வாக்குமூலத் தாள்களில் இந்த மாதிரி விஷயத்துக்கு இடமே கிடையாது. சாட்சியின் கை நடுங்கியது, அழுதார், யாரையோ திரும்பிப் பார்த்தார், பத்து நிமிடம் பேசாமல் நின்றார் என்பதெல்லாம் தாளுக்கு வராது.

விசாரணை முடிந்து வீட்டுக்குப் போனதும் டோனெல்லன் தன் மனைவியிடம், மாமியார் காதில் விழும்படி, குப்பி அலசிய கதையை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றாராம். வாக்குமூலங்களைப் படிக்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம். நம் கையில் கிடைப்பது பெரும்பாலும் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான், கேள்விகள் மட்டும் அதில் இருக்காது.

இந்தத் தாள்களை முதன்முதலாக எடுத்துப் பார்க்கிற ஒருவர் எங்கே தொடங்க வேண்டும், எங்கே ஏமாறுவார் என்று என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். டோனெல்லன் மருந்தில் விஷம் வைத்தார் என்ற இந்தப் பௌட்டன் வழக்கைத்தான் அடிக்கடி தொடுவேன்.

முதலில்: யார் விசாரித்தார்கள்?

சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் கொரோனர் என்ற பதவி இங்கிலாந்தில் 1194இலிருந்து இருக்கிறது. இலங்கையில் இன்றும் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார் அல்லவா, அதன் மூதாதை இதுதான். தமிழ்நாட்டில் போலீசார் பஞ்சாயத்தார் முன்னிலையில் 'இன்க்வெஸ்ட்' நடத்துவதாகச் சொல்லும் சொல்லும் அங்கிருந்து வந்ததே. ஆனால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு படிக்கக் கூடாது. அன்றைய இங்கிலாந்தில் நாம் இன்று அறிந்த மாதிரிப் போலீஸ் இல்லை. கொரோனர் ஒரு பக்கம், ஊர்க்காரர்களாகிய ஜூரி மறுபக்கம். ஜூரியில் 12 பேராவது ஒரே முடிவுக்கு வர வேண்டும். அதனால் 12க்கும் அதிகமானவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பது வழக்கம். எல்லாரும் பிணத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், பார்க்காமல் நடத்தினால் விசாரணை செல்லாது. பிணத்தைத் தூரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் பக்கத்துச் சாராயக் கடையிலோ, சத்திரத்திலோ, சில சமயம் தேவாலயத்திலோ கூடுவார்கள்.

கொரோனருக்குக் கிடைத்த கூலியையும் தெரிந்துகொள்ளுங்கள். 1752ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு விசாரணைக்கு ஒரு பவுன், பயணத்துக்கு மைலுக்கு 9 பென்ஸ். பணம் மாவட்ட வரியிலிருந்து வரும். முறையாக நடந்த விசாரணைக்குத்தான் பணம் என்று சட்டம் சொன்னதால், மாவட்ட நீதிபதிகள் கணக்கைப் பார்த்து இது தேவையில்லாத விசாரணை என்று தள்ளிவிடலாம். நோயில் செத்ததாகத் தோன்றும் சாவுகளுக்குக் கொரோனர் கிளம்பத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சாவுக்கு வாக்குமூலம் இல்லையென்றால் அதில் சந்தேகமே இருக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தாள்கட்டைப் பிரியுங்கள்

ஒரு விசாரணையின் தாள்கட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வகைத் தாள்கள் இருக்கும். புதியவர்கள் எல்லாவற்றையும் சாட்சியம் என்று எடுத்துக்கொண்டு குழம்புகிறார்கள்.

தோலில் எழுதி, கொரோனரும் ஜூரிகளும் கையெழுத்திட்ட ஆவணம் இன்க்விசிஷன். அதுதான் தீர்ப்பு. 1733 வரை அது லத்தீனில் இருக்கும், அதற்குப் பிறகு ஆங்கிலம். கொலை என்றால் அதில் 'கடவுள் பயம் கண்முன் இல்லாமல், சாத்தானின் தூண்டுதலால்' என்று ஒரு வரி வரும். முதல் முறை அதைப் பார்த்தபோது ஜூரிகள் பொங்கி எழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எல்லாக் கொலைக்கும் அதே வரிதான். நம் ஊர் உயில் பத்திரத்தில் 'பூரண நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்' என்று எழுதுகிறோமே, அந்த மாதிரி. கத்தியால் குத்தியிருந்தால் கத்தியின் விலையும் எழுதியிருக்கும். சாவுக்குக் காரணமான பொருள் அரசருக்குச் சேர வேண்டும் என்ற பழைய வழக்கத்தின் மிச்சம் அது, 1846 வரை ஒழியவில்லை. வண்டிச் சக்கரத்துக்கு அடியில் சிக்கிச் செத்தால் சக்கரத்துக்கும் விலை போடுவார்கள்.

அடுத்தது ஜாமீன் சீட்டு: இன்ன சாட்சி இன்ன தேதியில் நீதிமன்றத்துக்கு வருவேன், வராவிட்டால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்பது. இதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். சாட்சியின் தொழிலும் ஊரும் வாக்குமூலத்தில் விடுபட்டிருந்தால் இதில் கிடைத்துவிடும்.

இவற்றுக்கு நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய தாள். தலைப்பில் 'இன்ஃபர்மேஷன்' என்றோ 'டெபொசிஷன்' என்றோ இருக்கும். 'எக்ஸாமினேஷன்' என்று இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். சந்தேகப்பட்டவரிடம் எடுத்ததற்குப் பெரும்பாலும் அந்தப் பெயர்தான். சாட்சி சத்தியம் செய்து சொன்னது வேறு, குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் இல்லாமல் சொன்னது வேறு.

வாக்குமூலத்தை எழுதி வைக்கச் சொன்னது 1550களின் சட்டம். சாட்சி சொன்னதில் வழக்குக்கு முக்கியமானதை எழுது என்றுதான் அது சொன்னது. சொன்னதையெல்லாம் எழுது என்று சொல்லவில்லை. எது முக்கியம் என்று தீர்மானித்தவர் கொரோனர், இல்லாவிட்டால் அவருடைய குமாஸ்தா.

எழுத்து பயமுறுத்தும், ஒரு வாரத்தில் பழகிவிடும்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நூற்றாண்டின் கையெழுத்து முந்தைய இரண்டு நூற்றாண்டுகளின் கையெழுத்தைவிட எவ்வளவோ தெளிவு. நீளமான 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தெரியும். 'தி' என்ற சொல்லை 'யீ' என்று எழுதியிருப்பார்கள், அதை 'தி' என்றே படியுங்கள். 'மேற்சொன்ன' என்பதற்கு இரண்டே எழுத்துச் சுருக்கம் வரிக்கு வரி வரும். ஒரே ஆள் பெயருக்கு ஒரே தாளில் மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால் மூன்று ஆள் என்று எண்ணாதீர்கள். கணினியில் தேடும்போதும் இதை நினைவில் வைத்து, பெயரை வாயால் சொல்லிப் பார்த்து, எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் தேடுங்கள்.

தேதியைச் சரிபாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் இங்கிலாந்தில் செப்டம்பர் 14. நடுவில் 11 நாள் கிடையாது. அதற்கு முன்னால் வருஷப் பிறப்பே மார்ச் 25தான். ஆகவே 1730 பிப்ரவரி என்று நாம் சொல்வதை அவர்கள் 1729 என்றோ, 1729/30 என்றோ எழுதியிருப்பார்கள்.

ஓர் உதாரணம். ஹென்லி ஊரில் பிரான்சிஸ் பிளாண்டி என்ற வக்கீல் ஆர்செனிக் விஷத்தால் இறந்தது 1751 ஆகஸ்ட் 14. மகள் மேரி கஞ்சியில் பொடி கலந்தார் என்பது வழக்கு. உங்கள் செல்பேசி நாட்காட்டியில் இந்தத் தேதியைப் போட்டால் சனிக்கிழமை என்று காட்டக்கூடும். உண்மையில் அது புதன்கிழமை. வேலைக்காரப் பெண் திங்களன்று கஞ்சி காய்ச்சினேன், சனியன்று டாக்டர் வந்தார் என்று சொல்லும்போது நீங்கள் தவறான கிழமையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பாவம், அந்தப் பெண் பொய் சொல்வதாகத் தோன்றிவிடும். பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் திங்கள் 5, சனி 10, புதன் 14 என்று ஒழுங்காக உட்காரும்.

சாட்சிகள் தேதி சொல்வது குறைவு. 'போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு', 'மைக்கேல்மாஸ் திருநாள் கழிந்து', 'விளக்கு ஏற்றும் நேரம்' என்றுதான் பேசுவார்கள். ஒரு தாளை எடுத்து இடது பக்கம் கிழமை, வலது பக்கம் நடந்தது, பக்கத்தில் சொன்னவர் பெயர் என்று எழுதிக்கொண்டே போங்கள். நான் பென்சிலில்தான் எழுதுவேன், அழிக்க வேண்டியது அவ்வளவு இருக்கும்.

சாட்சி யார், யாரை அண்டிப் பிழைத்தார்?

பெயருக்குப் பக்கத்தில் தொழில் இருக்கும். வேலைக்காரர் என்றால் அவர் சோறும் படுக்கையும் யாருடையது என்று பாருங்கள். பௌட்டன் வீடான லாஃபோர்ட் ஹாலில் சமையல்காரி கேத்தரின் ஏமஸ், வண்டிக்காரர் வில்லியம் ஃப்ராஸ்ட் ஆகியோர் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். எஜமானனைப் பற்றிச் சொன்னால் வேலை போகும், அடுத்த வீட்டுக்கு நற்சான்றும் கிடைக்காது. அந்தச் சூழலில் ஒருவர் வாய் திறந்தால் அதற்கு ஒரு கனம் உண்டு. ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அதற்கும் காரணம் உண்டு.

அடியில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி இருந்தால் சாட்சிக்கு எழுதத் தெரியாது. நம் பழைய பத்திரங்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவரைத் தற்குறி என்று எழுதுவார்கள். இன்று அது வசவாகிவிட்டது, அன்று வெறும் பத்திரச் சொல். தற்குறியின் வாக்குமூலத்தில் நீளமான வக்கீல் சொற்கள் வந்தால் அவை எழுதியவருடையவை. 'இச்சாட்சி மேலும் கூறுவதாவது' என்று எந்தச் சமையல்காரியும் பேசியிருக்க மாட்டாள். அதே தாளில் திடீரென்று ஒரு பச்சையான வார்த்தை, ஒரு வசவு, ஒரு சமையலறைப் பேச்சு தலைகாட்டும். அதுதான் அந்த மனிதரின் குரல். அதைக் கண்டால் அடிக்கோடிடுங்கள்.

உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'மிஸஸ்' என்று இருந்தால் திருமணமானவர் என்று பொருளில்லை, வயது வந்த மரியாதைக்குரிய பெண் என்றுதான். 'ஃப்ரெண்ட்ஸ்' என்பது பல இடங்களில் சொந்தக்காரர்களைக் குறிக்கும்.

விடுபட்ட கேள்வியை எழுதிப் பாருங்கள்

நான் சொல்ல வந்ததில் பெரிய பகுதி இதுதான். வாக்குமூலம் ஒரே மூச்சில் சொன்ன கதை போல ஓடும். 'இச்சாட்சி கூறுவதாவது, காலை ஏழு மணிக்கு மகனின் அறைக்குள் போனேன், மருந்தைக் கொடுத்தேன், மகன் குமட்டுகிறது என்றான்' என்ற தோரணையில் இருக்கும். ஆனால் யாரும் அப்படிக் கோவையாகப் பேசவில்லை. எத்தனை மணிக்கு? யார் கொடுத்தது? குடித்ததும் என்ன சொன்னார்? என்று கேட்டுக் கேட்டு வாங்கியதை ஒட்டித் தைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரில் அது எந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்கும் என்று எழுதுங்கள். விளையாட்டுப் போலத் தோன்றும், ஆனால் இரண்டு பக்கம் செய்து பாருங்கள். சில இடங்களில் கேள்வி பளிச்சென்று தெரியும். 'குப்பியைத் தாம் தொடவில்லை என்கிறார்' என்று எதிர்மறையாக ஒரு வரி வந்தால் அநேகமாக யாரோ நீ தொட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் எவரும் செய்யாததைச் சொல்வது குறைவு. ஊரில் என்ன வதந்தி ஓடியது என்பதை இந்த 'இல்லை'களிலிருந்தே ஓரளவு பிடித்துவிடலாம்.

சில வரிகளுக்கு எந்தக் கேள்வியும் பொருந்தாது. அவை சாட்சி தானாகக் கொட்டியவை. டோனெல்லன் கோபப்பட்டது அப்படிப்பட்ட ஒரு வரிக்குத்தான் என்று அவரே சொன்ன புத்திமதியிலிருந்து தெரிகிறது. குப்பியை அலசினாரா என்று கேட்க வேண்டும் என்பதே கொரோனருக்கு முன்கூட்டித் தோன்றியிருக்காது. அந்த அம்மாள் சொன்னதால்தான் அது வழக்காயிற்று.

கேள்வி கேட்டவர் கொரோனர் மட்டும் இல்லை. ஜூரிகளும் கேட்கலாம். அவர்கள் அந்த வட்டாரத்துக்காரர்கள், இறந்தவரையும் சந்தேகப்பட்டவரையும் தெரிந்தவர்கள். டோனெல்லனின் மனைவி இறந்தவரின் அக்கா. தம்பி 21 வயது நிறையும் முன் இறந்தால் சொத்தின் பெரும்பகுதி அவருக்கு. தம்பிக்கு 21 நிறைய ஒரு வருஷம்கூட இல்லை. இந்தக் கணக்கு தாளில் எழுதியிருக்க வேண்டிய தேவையே இல்லை, ஜூரியில் இருந்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருந்திருக்கும்.

பார்த்தது, கேட்டது, நினைத்தது

மூன்று வண்ணப் பேனாக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் கண்டது ஒன்று, பிறர் சொல்லக் கேட்டது இன்னொன்று, சாட்சியின் நம்பிக்கை மூன்றாவது. பிறர் சொல்லக் கேட்டதைத் தள்ளும் விதி அன்றைய நீதிமன்றங்களிலேயே இன்றுபோல இறுகியிருக்கவில்லை, கொரோனர் முன் இன்னும் தளர்வு. அதனால் மூன்றும் கலந்தே இருக்கும்.

பௌட்டன் சாவில் கண்ட காட்சியாக நிற்பவை இவை: 1780 ஆகஸ்ட் 30 புதன்கிழமை காலை ஏழு மணி வாக்கில் தாய் மருந்து கொடுத்தார். கசப்பு வாதுமை போன்ற வாசனை அடித்தது. இரண்டு நிமிடத்தில் மகன் திணற ஆரம்பித்தார், வயிறு உருண்டது. பிறகு தூங்குவது போல இருந்தது. தாய் வெளியே போய்த் திரும்பியபோது கண் நிலைகுத்தி, பல் கிட்டி, வாயில் நுரை. இதற்கு மேல் 'லாரல் என்ற செடியின் இலையை வடித்த விஷ நீர் அது' என்பது காட்சியே அல்ல, ஊகம். நீதிமன்றத்தில் அந்த ஊகத்துக்கு எப்படி உடம்பு வந்தது தெரியுமா? அந்த மருந்தைக் கலந்து கொடுத்த ரக்பி மருந்துக்காரர் பவல் அதே மாதிரி இரண்டு குப்பி தயாரித்துக் கொண்டுவந்தார். ஒன்றில் லாரல் நீர் கலந்தது, மற்றதில் இல்லை. தாயை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். கலந்த குப்பிதான் அந்த வாசனை என்றார். ஏழு மாதத்துக்கு முன் முகர்ந்த வாசனை, கொடுத்ததோ இரண்டே தேர்வு. எனக்கு இது அவ்வளவு உறுதியான சாட்சியமாகப் படவில்லை, ஆனால் அன்றைய ஜூரிக்குப் போதுமாயிருந்தது.

டாக்டர் சொன்னால் வேதமா?

அன்று மூன்று படிகள். மேலே பட்டம் பெற்ற மருத்துவர், நடுவில் அறுவை செய்பவர், கீழே மருந்துக்காரர். யார் எந்தப் படி என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிரேத விசாரணையில் சாட்சி சொல்லும் மருத்துவருக்குச் சட்டப்படி கூலி வந்தது 1836இல்தான். அதற்கு முன் பிணத்தை அறுத்துப் பார்க்காமலேயே, வெளியில் பார்த்து இது இயற்கை, இது விஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

பௌட்டன் உடலை முதலில் பார்க்க வந்த ராட்ரே, வில்மர் என்ற இரு மருத்துவர்கள் அழுகிப்போயிருக்கிறது என்று அறுக்காமலே திரும்பினார்கள். விஷம் என்ற சந்தேகம் இருப்பதை டோனெல்லன் அவர்களிடம் சொல்லவில்லை. உடலைப் புதைத்த பிறகு தோண்டி எடுத்து, செப்டம்பர் 9 அன்று தேவாலய வளவிலேயே பக்னில் என்பவர் அறுத்தார். செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது, அதுவும் கோடை முடிவு. ராட்ரே ஆரம்பத்தில் ஆர்செனிக் என்று நினைத்தார். தாயின் சாட்சியத்துக்குப் பிறகுதான் லாரல் நீருக்கு மாறினார். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் இதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஆக, உடலைப் பார்த்து வந்த முடிவா, சாட்சியைக் கேட்டு வந்த முடிவா என்பது ஒவ்வொரு மருத்துவ வாக்குமூலத்திலும் கேட்க வேண்டிய கேள்வி. தேதியையும் சாட்சி சொன்ன வரிசையையும் வைத்தால் பாதி விடை கிடைக்கும்.

டோனெல்லன் தரப்பில் வந்தவர் லண்டனின் பேர்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். அறுத்தபோது கண்டதெல்லாம் அழுகலால் வரலாம், வலிப்பிலும் இப்படி இறக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லும்படி எவ்வளவு நெருக்கியும் அவர் சொல்லவில்லை. உறுதியாகச் சொன்ன நாலு பேருக்கு முன் உறுதியில்லை என்ற ஒருவர் தோற்றார்.

மேரி பிளாண்டி வழக்கில் நிலைமை வேறு. அங்கே டாக்டர் அடிங்டன் பொடியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் போட்டு முகர்ந்தார், கடையில் வாங்கிய வெள்ளை ஆர்செனிக்கோடு ஒவ்வொரு சோதனையிலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொடி கிடைத்ததே சமையலறைப் பெண்களால்தான். சூசன்னா கன்னல் கஞ்சிச் சட்டியின் அடியில் தங்கிய வெள்ளை மண்டியைப் பத்திரப்படுத்தினார். மேரி நெருப்பில் போட்ட பொட்டலத்தை எரியாமல் மீட்டது வேலைக்காரிகள். அந்த வழக்கைப் படிப்பவர்கள் டாக்டரைக் கொண்டாடுவார்கள், நான் சட்டியைக் கழுவாமல் வைத்த பெண்ணைத்தான் முதலில் சொல்வேன்.

யார் வரவில்லை என்று ஒரு பட்டியல்

சாட்சிகளைப் படித்து முடித்ததும், அந்த வீட்டில் இருந்தும் தாளில் இல்லாதவர்கள் யார் என்று எழுதுங்கள். டோனெல்லனின் மனைவி நீதிமன்றத்தில் கணவனுக்கு எதிராகவோ ஆதரவாகவோ சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. குப்பிகளையும் அலசிய நீரிருந்த பாத்திரத்தையும் எடுத்துப் போகச் சொன்னது சாரா பிளண்டெல் என்ற வேலைக்காரியிடம். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் முன் அவர் இறந்துவிட்டார். டோனெல்லன் தானே கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து பேச முடியாது, அந்த உரிமை இங்கிலாந்தில் 1898இல்தான் பொதுவாக வந்தது. அவர் எழுதிக்கொடுத்ததை வாசித்தார்கள். குப்பி அலசப்பட்ட அறையில் நின்றவர்களில் முழுசாகப் பேசக் கிடைத்தவர் தாய் ஒருவர்தான்.

பின்னால் சொன்னதோடு ஒட்டிப் பாருங்கள்

கொலை என்று கொரோனர் ஜூரி சொன்னால் வழக்கு பெரிய நீதிமன்றத்துக்குப் போகும், அதே சாட்சிகள் மறுபடி பேசுவார்கள். டோனெல்லன் வழக்கு 1781 மார்ச் 30 அன்று ஒரே நாளில் முடிந்தது. ஜோசப் கர்னி சுருக்கெழுத்தில் எழுதி அச்சிட்டதால் அதில் கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. ஏப்ரல் 2 அன்று தூக்கு.

இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும்போது மூன்று விதமான மாற்றம் தென்படும். புதிதாகச் சேர்ந்தது, காணாமல் போனது, அழுத்தம் கூடியது. சேர்ந்ததெல்லாம் பொய் என்று பாய வேண்டாம். முதல் இடத்தில் யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டும் குமாஸ்தா எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் 'ஒருவேளை' என்றது 'நிச்சயம்' ஆகியிருந்தால் நடுவில் அந்தச் சாட்சி யாரோடெல்லாம் பேசினார், என்ன செய்தித்தாள் வந்தது என்று தேடத்தான் வேண்டும். குரோஃப்ட்ஸ் சொன்ன அந்த உடுப்பு இழுப்பு இப்படிச் சேர்ந்ததுதான். அதை நான் நம்புகிறேன், ஏனென்றால் தாய் சொன்ன வீட்டுப் பேச்சோடு அது பொருந்துகிறது. நீங்கள் நம்பாமல் போகலாம். டோனெல்லன் மேல் ஊர் முழுக்கக் கொதித்திருந்த காலம் அது.

எங்கிருந்து தொடங்குவது?

பிரபுக்களின் விஷக் கதையிலிருந்து தொடங்காதீர்கள் என்பது என் யோசனை, அதிலிருந்தே உதாரணம் சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது சிரிப்பாக இருந்தாலும். வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியின் 1760 முதல் 1799 வரையான பிரேத விசாரணைத் தாள்கள் 'லண்டன் லைவ்ஸ்' என்ற தளத்தில் படமாகவும் தட்டச்சாகவும் இலவசமாகக் கிடைக்கின்றன. தேம்ஸில் மூழ்கியவர், ஏணியிலிருந்து விழுந்த கொத்தனார், மாடியில் தூக்கிட்டுக்கொண்ட வேலைக்காரி என்று பெரும்பாலும் சாதாரணச் சாவுகள், ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். முதலில் மூலப் படத்தை நீங்களே படித்து எழுதிவிட்டு, அப்புறம் தட்டச்சோடு ஒப்பிடுங்கள். லண்டன் கொலை வழக்காக இருந்தால் 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்' தளத்தில் அதே சாட்சி நீதிமன்றத்தில் என்ன சொன்னார் என்பதையும் எடுத்துவிடலாம்.

தற்கொலை வழக்குகளைப் படிக்கும்போது மட்டும் ஒன்றை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவோடு செய்துகொண்டது என்று தீர்ப்பானால் சொத்து பறிபோகும், உடலை நாற்சந்தியில் புதைப்பார்கள். புத்தி பேதலித்துச் செய்தது என்றால் இரண்டும் இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர், வீட்டு உரிமையாளர், கூட வேலை செய்தவர் என்று வரிசையாக வந்து, கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரியாக இருந்தார், தலைவலி என்று சொன்னார், தனக்குள் பேசிக்கொண்டார் என்று சொல்வார்கள். நாலாவது சாட்சியும் அதையே சொல்லும்போது, கொரோனர் அவர்களிடம் என்ன கேட்டிருப்பார் என்று எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். ஜூரி அறைக்குள் வரும் முன்பே ஊர் என்ன முடிவு செய்திருந்தது என்பது அங்கே தெரிந்துவிடும்.